ஓடை வழி வந்த விருந்தாளிகள்

ஃபஹ்மிதாவின் விடுதிக்கு அந்த வருஷம் முதல் அடி அவளுடைய சொந்த அண்ணன் கையால் விழுந்தது. அதுவும் அவளுக்கு நல்லது செய்யப் போன இடத்தில்.

வேதாரண்யத்தை ஒட்டியிருக்கும் தோப்புத்துறையில் அவளுக்கு ஒரு மாடி வீடு. கணவன் முபாரக் குவைத்தில் இருந்துகொண்டே கட்டி முடித்த வீடு. கீழே குடியிருப்பு. மேலே ஐந்து அறைகள் பூட்டியே கிடந்தன. தஞ்சாவூரில் விலங்கியல் படித்த காலத்திலிருந்தே ஃபஹ்மிதாவுக்குப் பறவைகள் மேல் பைத்தியம். பக்கத்திலேயே கோடியக்கரை. மழைக்காலம் பிறந்தால் எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கும். அவற்றைப் பார்க்கக் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு மனிதர்களும் வந்து இறங்குவார்கள். அவர்கள் தங்க இடம் தேடி அலைவதை அவள் பார்த்திருக்கிறாள்.

மேல் அறைகளை அவர்களுக்கு விடலாமா என்று முபாரக்கிடம் ஃபோனில் கேட்டாள். "உன் வீடு, உன் இஷ்டம்," என்றான் அவன். முதல் வருஷம் வந்தவர்கள் சமையலுக்கு வரும் ரஹ்மத் பீவி சமைத்த மீன் குழம்பையும், விடியற்காலையில் ஃபஹ்மிதா உப்பளத்துப் பக்கம் கூட்டிப்போய் இது உள்ளான், இது ஆலா என்று காட்டியதையும் மெச்சிவிட்டுப் போனார்கள். ஆனால் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இரண்டாவது வருஷம், அவள் 'நானா' என்று கூப்பிடும் அண்ணன் ஜாஃபர் சாதிக் துபாயிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பினார். அங்கே ஒரு சுற்றுலா நிறுவனத்தில் விளம்பரப் பிரிவில் இருந்தவர். சும்மா உட்கார முடியாத மனிதர். தங்கை வீட்டு மாடியைச் சுற்றிப் பார்த்தார்.

"ரூமெல்லாம் நல்லாத்தான் வெச்சிருக்கே. ஆனா இப்படி ஒரு எடம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நீ பறவையப் பாரு ஃபஹ்மி. ஆளக் கொண்டார்ற வேலைய நான் பாத்துக்கறேன். மெயில் மார்க்கெட்டிங்னா எனக்கு அத்துப்படி."

பழைய விருந்தாளிகளின் மின்னஞ்சல் முகவரிகளை வாங்கிக்கொண்டார். வாரம் தவறாமல் அஞ்சல் போனது. 'கனவு விடுமுறை காத்திருக்கிறது! இன்றே முந்துங்கள்!' என்று தலைப்பு. கீழே எங்கிருந்தோ எடுத்த, ரோஜா நிறத்தைக் கூட்டிய பூநாரைப் படம். யார் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்று கணினியில் பார்த்துக்கொண்டே இருப்பார். திறந்தவர்கள் மிகச் சிலர். "ஆளு பத்தல," என்று முடிவு கட்டினார். சென்னையில் யாரிடமோ ஆயிரக்கணக்கான முகவரிகளை மொத்தமாக விலைக்கு வாங்கி, அத்தனை பேருக்கும் ஒரே நாளில் கனவு விடுமுறையை அனுப்பி வைத்தார்.

பறவை என்றால் கோழி மட்டுமே தெரிந்தவர்களுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. அவர்கள் எரிச்சலில் அதைக் குப்பை அஞ்சல் என்று குறித்தார்கள். மறுநாளே மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனம் விடுதியின் கணக்கை முடக்கிவிட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டர் அம்மா ஃபோன் செய்தார்.

"மூணு தடவ எழுதிக் கேட்டேங்க. நீங்க பதிலே போடல. நாங்க எட்டுப் பேரு. வேற எடத்துல ரூம் போட்டுட்டோம். சொல்லிடலாம்னுதான் கூப்பிட்டேன்."

ஃபஹ்மிதா மூன்று தடவையும் அன்றன்றே பதில் எழுதியிருந்தாள். அந்தப் பதில்கள் எல்லாம் அந்த அம்மாளின் குப்பைப் பெட்டியில் போய் விழுந்திருந்தன. விடுதியின் பெயரைக் கண்டாலே அஞ்சல் பெட்டிகள் ஒதுக்கித் தள்ளத் தொடங்கியிருந்தன.

"வேற பேர்ல புதுக் கணக்குத் தொறந்துக்கலாம்," என்றார் ஜாஃபர் சாதிக். முகம் கறுத்துப் போயிருந்தது. ஆனால் தவறு என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வரவில்லை.

"பேர மாத்திக்கிட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு கூப்பிடணுமா நானா? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

அவர் வேறு பேச்சை எடுத்தார். உப்புக் கம்பெனி ஒன்று மேல் மாடி முழுவதையும் தன் ஆட்கள் தங்குவதற்கு வருஷக் குத்தகையாகக் கேட்கிறதாம். மார்கழிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "யோசிச்சுப் பாரு. தலைவலி இல்லாத வருமானம்," என்றார். ஃபஹ்மிதா மாடியை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஐந்து அறைகளுக்கும் அவள் ஒவ்வொரு பறவையின் பெயர் வைத்திருந்தாள்.

அந்த வாரமே தஞ்சாவூருக்கு பஸ் ஏறினாள். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியெல்லாம் சம்பா நடவு முடிந்து வயல்கள் பச்சை பிடித்துக்கொண்டிருந்தன. கல்லூரியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தவளை அறுத்த ஹம்சத்வனி, பட்டம் வாங்கியதும் விலங்குகளை விட்டுவிட்டுக் கணினிப் பக்கம் போனவள். இப்போது மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அலுவலகம் வைத்து, கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஃபஹ்மிதாவின் விடுதிக்கு இணையதளம் செய்து தந்ததும் அவள்தான்.

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு ஹம்சத்வனி சிரிக்கவில்லை. அதுவே ஃபஹ்மிதாவுக்கு ஆறுதலாக இருந்தது.

"மெயில் வழி அடைபட்டுப் போச்சுடி. இனிமே யார் கதவத் தட்டறது?"

"தட்டாதே," என்றாள் ஹம்சத்வனி. "வேணுங்கறவங்க உன்னத் தேடி வரட்டும். உன் சைட்டுக்கு ஒரு ஃபீட் இருக்கு. நான் அன்னிக்கே போட்டுக் கொடுத்தேன், நீதான் கவனிக்கல. தமிழ்ல ஓடைம்பாங்க."

"அது என்ன பண்ணும்?"

"தினம் நீ சைட்டுல ஒரு சேதி எழுதற. பறவை பாக்கற ஒருத்தர் ஃபோன்ல ஓடை படிக்கற ஆப் வெச்சிருக்கார்னு வெச்சுக்கோ. அதுல உன் சைட்ட ஒரே ஒரு தடவ சேத்துட்டார்னா போதும். அதுக்கப்புறம் நீ எழுதறதெல்லாம் தானா அவர் ஆப்ல வந்து நிக்கும். அவரோட மெயில் முகவரி உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். நடுவுல குப்பைப் பெட்டியும் கிடையாது. பிடிக்கலைன்னா சத்தமில்லாம எடுத்துடுவார்."

"அப்ப எல்லாம் அவங்க கையிலதான்."

"ஆமா. வாய்க்கால்ல தண்ணி போயிண்டே இருக்கும். மடையத் தொறக்கறதும் அடைக்கறதும் வயக்காரன் இஷ்டம். உங்க நானா பண்ணினது, கேக்காதவன் வயல்ல ராவோட ராவா தண்ணியப் பாய்ச்சின கதை."

ஃபஹ்மிதா யோசித்தாள். "இத யாருடி வெச்சிருப்பாங்க? எனக்கே இப்பத்தான் தெரியுது."

"நெறைய பேர் இல்ல. உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ஒரு நகைக் கடைக்காரர் கேட்டா இத நான் சொல்லவே மாட்டேன், அவருக்கு மெயிலும் வாட்ஸப்பும்தான் சரி. ஆனா பறவை பாக்கறவங்க வேற ரகம். எங்க என்ன வந்திருக்குன்னு தினம் தோண்டித் தோண்டிப் பாக்கறவங்க. அவங்க சங்கத்து சைட்டெல்லாம் மத்த எடத்து ஓடைகள இழுத்து முதல் பக்கத்துல காட்டும். நீ ஒரு எடத்துல எழுதினா பத்து எடத்துல தெரியும். ஆனா ஒண்ணு. விளம்பரம் எழுதினேன்னா மறுநாளே எடுத்துடுவாங்க. சேதி எழுதணும். தினம் எழுதணும்."

"அது எனக்குப் பிடிச்ச வேலைதான்," என்றாள் ஃபஹ்மிதா.

மறுநாள் விடியலிலேயே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உப்பளத்துப் பக்கம் போனாள். பாத்திகளின் ஓரமாக நின்று, கண்ணில் பட்டதையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து தேநீர் ஆறுவதற்குள் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் போட்டாள்.

'இன்று வானம் மூட்டம். உப்பளத்தில் குட்டி உள்ளான்கள் சில நூறு. ஒரு கூழைக்கடா தனியாக நின்றது, பாவம், கூட்டத்தைத் தவறவிட்டது போல. பூநாரை இன்னும் வரவில்லை. சாலை நன்றாக இருக்கிறது. விடுதியில் அறைகள் இருக்கின்றன.'

விடுதியைப் பற்றி அந்தக் கடைசி வரி மட்டும்தான். அதைப் படித்துவிட்டு ஜாஃபர் சாதிக் தலையைச் சொறிந்தார்.

"எத்தன பேரு படிச்சாங்க?"

"தெரியாது நானா."

"யாரு படிச்சாங்கன்னாவது?"

"அதுவும் தெரியாது."

"அளக்க முடியாத வியாபாரம் என்னம்மா வியாபாரம்? இருட்டுல கண்ணடிச்ச மாதிரி இருக்கு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுக்கும் அந்தக் கவலை இருந்தது. ஆனாலும் எழுதினாள். தினமும் எழுதினாள். ஒருநாள் காற்று பலமாக அடித்து, ஒரு பறவைகூடக் கண்ணில் படவில்லை. 'இன்று ஒன்றும் இல்லை. நனைந்ததுதான் மிச்சம்,' என்று எழுதிப் போட்டாள். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"கடையத் தொறந்து வெச்சுக்கிட்டு இன்னைக்குச் சரக்கு இல்லன்னு யாராவது போர்டு வைப்பாங்களா?"

"சரக்கு இல்லையே நானா. என்ன செய்யச் சொல்றீங்க?"

"பழைய படம் ஒண்ணப் போட வேண்டியதுதானே?"

"வந்து பாத்துட்டுத் திட்டுவாங்க. திட்டறதோட நிக்காது, ஓடையிலேர்ந்து என்னத் தூக்கிடுவாங்க. அப்புறம் அவங்களத் திரும்பக் கூப்பிட எங்கிட்ட ஒரு வழியும் இல்ல."

கார்த்திகை பிறந்தபோதும் அறைகள் பாதிக்கு மேல் காலியாகவே இருந்தன. உப்புக் கம்பெனி மேனேஜர் இரண்டு தடவை வந்து மாடியைப் பார்த்துவிட்டுப் போனார். ஜன்னல்களை எண்ணினார். பறவைப் பெயர்ப் பலகைகளைக் கழற்றலாமா என்று கேட்டார். அன்று ஃபஹ்மிதா சாப்பிடவில்லை. அதோடு காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மறுநாள் உப்பளம் போகவும் இல்லை, எழுதவும் இல்லை.

அதற்கடுத்த நாள் காலையில் ஃபோன் அடித்தது. பழக்கமில்லாத எண். பெண் குரல், பெங்களூர்த் தமிழ்.

"ஃபஹ்மிதா மேடங்களா? என் பேரு பூர்ணிமா. இங்க ஒரு பறவை பாக்கற சங்கத்துல செக்ரட்டரி. நீங்க நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேங்க. என்ன விஷயம்?"

"நேத்து நீங்க எதுவும் எழுதல. எங்க மெம்பர்ஸ் எல்லாம் கேட்டுட்டே இருக்காங்க, தோப்புத்துறை அம்மாவுக்கு என்னாச்சுன்னு. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னுதான் கூப்பிட்டேன்."

தலையணையில் சாய்ந்திருந்த ஃபஹ்மிதா எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்க சைட்டோட முதல் பக்கத்துல உங்க ஓடைதான் மேல நிக்குது," என்று பூர்ணிமா தொடர்ந்தாள். "அன்னைக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதினீங்க பாருங்க, அதப் படிச்சதும் ஒருத்தர் சொன்னார், இந்த அம்மா சொன்னா நம்பலாம்னு. மார்கழி முதல் வாரம் நாங்க பத்துப் பேர் வரலாம்னு இருக்கோம். அஞ்சு ரூமும் கெடைக்குமா?"

ஃபோனை வைத்ததும் ஃபஹ்மிதா கீழே ஓடினாள். ஜாஃபர் சாதிக் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நானா! ஒரு நாள் எழுதலைன்னதுக்கு பெங்களூர்லேர்ந்து ஃபோன் பண்ணிக் கேக்கறாங்க! நீங்க ஒரு வாரம் மெயில் அனுப்பலைன்னா யாராவது ஏன் அனுப்பலைன்னு கேட்டிருக்காங்களா?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். நிஜமாகவே யோசித்தார். "துபாயில இருந்த காலம் பூரா ஒருத்தன் கேட்டதில்ல," என்றார்.

சந்தோஷம் நிலைக்கவில்லை. கார்த்திகைக் கடைசியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகி, டெல்டா முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. சம்பாப் பயிர் தலை தெரியாமல் முழுகியது. டிவியில் நாள் முழுக்க ஒரே வெள்ளக் காட்சி. பக்கத்து ஊர்களில் இருந்த லாட்ஜுகளும் ரிசார்ட்டுகளும், வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச ஆளும் போய்விடக் கூடாதென்று அவசர அவசரமாக மின்னஞ்சல் அனுப்பின. 'இங்கே எல்லாம் சீராக உள்ளது, பாதிக் கட்டணம், உடனே வாருங்கள்.' அதை நம்பிக் கிளம்பிய ஒரு குடும்பம் திருத்துறைப்பூண்டி தாண்டி முழங்கால் தண்ணீரில் காரோடு மாட்டிக்கொண்டது என்ற செய்தியும் வந்தது.

பூர்ணிமாவின் கூட்டம் வர இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது.

ஃபஹ்மிதா ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, ஆட்டோ ஓட்டும் அன்சாரைக் கூட்டிக்கொண்டு போக முடிந்த தூரம் வரை போய்ப் பார்த்தாள். எங்கே சாலை முழுகியிருக்கிறது, எங்கே பஸ் திரும்பிப் போகிறது என்பதையெல்லாம் படத்தோடு எழுதினாள். கடைசியில் இரண்டே வரி சேர்த்தாள்: 'இந்த வாரம் யாரும் வராதீர்கள். ஏற்கெனவே அறை பதிவு செய்தவர்களுக்கு முன்பணம் திருப்பி அனுப்பப்படும்.'

ஜாஃபர் சாதிக் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஃபஹ்மி, அஞ்சு ரூமும் நெறைஞ்ச ஒரே வாரம் இது. நம்ம வாயாலயே வராதீங்கன்னு சொல்றியா?"

"ரோட்டுல தண்ணி நிக்குது நானா. கொழந்தை குட்டியோட வருவாங்க."

"இப்பப் போறவங்க திரும்ப வருவாங்கன்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்ல," என்றாள் அவள். "ஆனா நான் எழுதறத உண்மைன்னு நெனைச்சுத்தான் அவங்க படிக்கறாங்க. அது போயிடுச்சுன்னா எங்கிட்ட வேற ஒண்ணுமே கெடையாது."

பத்துப் பேரும் பயணத்தை ரத்து செய்தார்கள். அவள் முன்பணத்தைத் திருப்பி அனுப்பினாள். அன்று உப்புக் கம்பெனி மேனேஜர் மழையோடு மழையாகக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். "இந்த வருஷம் இனிமே யாரும் வர மாட்டாங்கம்மா. பேசி முடிச்சிடலாமா?" என்றார். ஜாஃபர் சாதிக் தங்கையின் முகத்தைப் பார்த்தார். ஃபஹ்மிதா, "மார்கழிக்குள்ளன்னுதானே சொன்னீங்க? மார்கழி இன்னும் பொறக்கவே இல்லையே," என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தாள். சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் அவளும் ஆட்டம் கண்டிருந்தாள்.

மழை நின்ற பிறகும் அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. தண்ணீர் எவ்வளவு வடிந்தது, எந்த வழியில் பஸ் ஓடத் தொடங்கியது என்று தினமும் எழுதினாள். 'இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.' 'கார் வரலாம், வேன் வேண்டாம்.' அப்புறம் ஒரு காலை, மேகம் சுத்தமாக விலகி வெயில் அடித்தபோது, ஸ்கூட்டியை உப்பளத்து வரப்போரம் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் பூநாரைகள்.

மழைத் தண்ணீர் தேங்கிய பரப்பு முழுவதும் கால் பாவி நின்றன. தலையைக் கவிழ்த்துச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. நடுவே ஒரு கூட்டம் எழும்பியதும் இறக்கையின் அடிச் சிவப்பு வெயிலில் பளிச்சென்று விரிந்தது. அவள் படிக்கிற காலத்திலிருந்து வந்து பார்க்கிற இடம்தான். இத்தனை பறவைகளை ஒருசேர அங்கே அவள் கண்டதே இல்லை. அவசரத்தில் முதலில் எடுத்த படங்களெல்லாம் கலங்கிப் போயின. வீட்டுக்குப் போகக்கூடப் பொறுமை இல்லாமல், ஸ்கூட்டி சீட்டில் ஃபோனை வைத்து அங்கேயே தட்டினாள்.

'பூநாரை வந்துவிட்டது. எண்ண முடியவில்லை. எண்ணவும் தோன்றவில்லை. தஞ்சாவூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் சாலை திறந்திருக்கிறது, நேற்று மாலை நானே பார்த்தேன். இப்போது வாருங்கள்.'

வீடு திரும்பும் வழியிலேயே ஃபோன் அடிக்கத் தொடங்கியது. வண்டியை ஓரங்கட்டிப் பேசிவிட்டுக் கிளம்பினால் அடுத்த அழைப்பு. முதலில் பூர்ணிமா. "அதே பத்துப் பேர், இல்ல, பன்னெண்டு பேர் வர்றோம். ரெண்டு பேர் ஹால்ல படுத்துக்கறோம்." அப்புறம் சென்னையிலிருந்து ஒருவர், திருச்சூரிலிருந்து ஒருவர், புதுச்சேரியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும். யார் பெயரும் அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. அந்த ஒற்றைக் கூழைக்கடாவுக்குக் கூட்டம் கிடைத்துவிட்டதா என்று ஒருவர் விசாரித்தார்.

"எங்களப் பத்தி எப்படித் தெரியும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

"உங்க ஃபீட தினம் படிக்கறோம்ங்க."

"எங்க சங்கத்து சைட்டுல வருதே."

"வராதீங்கன்னு எழுதினீங்கல்ல, அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம், போனா உங்க வீட்டுக்குத்தான்னு."

ஜாஃபர் சாதிக் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வீட்டு எண்ணுக்கும் அழைப்புகள் வந்து, அவரே ஒரு கையில் ஃபோனும் மறு கையில் பேனாவுமாகத் தடுமாறிக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில், "இந்தச் சூட்டோட எல்லாருக்கும் ஒரு மெயிலும் தட்டிவிடட்டுமா?" என்று கேட்டார்.

"யாருக்கு வேணுமோ அவங்களுக்குப் போய்ச் சேந்தாச்சு நானா. தை வரைக்கும் சனி, ஞாயிறு பூரா நெறைஞ்சு போச்சு."

அவர் பேனாவை மூடினார். சிரிப்பு தானாக வந்தது. "நான் வெலை கொடுத்து வாங்கின ஆளுங்க ஒருத்தன்கூட எட்டிப் பாக்கல. நீ பேரே கேக்காத ஆளுங்க வந்து நிக்கறாங்க. தப்பு எம்பேர்லதான், ஃபஹ்மி."

அண்ணன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. "வாங்க, சாப்பிடலாம்," என்றாள்.

அன்று மாலையே உப்புக் கம்பெனி மேனேஜருக்கு ஃபோன் செய்து, மாடி காலியாக இல்லை என்று சொல்லிவிட்டாள்.

பூர்ணிமாவின் கூட்டம் வெள்ளிக்கிழமை வந்து இறங்கியது. கூடவே ஹம்சத்வனியும் தஞ்சாவூரிலிருந்து காரில் வந்திருந்தாள். "என் வாழ்க்கையில நான் செஞ்ச சைட்ட யாராவது உண்மையாப் படிக்கறாங்கன்னா அத நேர்ல பாக்கணும்ல," என்றாள். அறை இல்லாததால் ஃபஹ்மிதாவின் அறையிலேயே படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை விடியலில் எல்லோரும் உப்பளத்துக்குப் போனார்கள். கீழ்வானம் வெளுக்கும்வரை வரப்போரம் காத்து நின்றார்கள். வெளிச்சம் பரவியதும் பூர்ணிமா பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தாள். பிறகு மெல்லக் கீழே இறக்கினாள். "நீங்க கொறச்சு எழுதியிருக்கீங்க, அக்கா," என்றாள். வயதானவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூநாரைகள் ஒரே வீச்சில் மேலெழும்பி, தலைக்கு மேலாகத் திரும்பிக் கடலைப் பார்க்கப் போனபோது, பெரியவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகள் போல ஓவென்று கத்தினார்கள். ஹம்சத்வனி தோழியின் கையைப் பிடித்து அழுத்தினாள். "தவளை அறுத்ததுக்கு இது எவ்வளவோ தேவல," என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீட்டில் ரஹ்மத் பீவி ஆப்பமும் தேங்காய்ப் பாலும் இறால் குழம்பும் செய்து வைத்திருந்தாள். சாப்பிடும்போது பூர்ணிமா கேட்டாள்: "அப்ப இனிமே மெயிலே வேண்டாம்னு விட்டுட்டீங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க," என்றாள் ஃபஹ்மிதா. "இப்ப ஹம்சா புதுசா ஒரு முகவரி போட்டுக் கொடுத்திருக்கா. ரூம் உறுதி பண்றதுக்கு, கேட்டவங்களுக்குப் பதில் சொல்றதுக்கு மெயில்தான். ஆனா வாங்க வாங்கன்னு கூப்பிடறதுக்கு அது இனிமே கெடையாது. அதுக்கு ஓடைதான்."

"பதில் எழுதற வேலை எனக்கு," என்று ஜாஃபர் சாதிக் இடையில் புகுந்தார். ஆப்பம் பரிமாறிக்கொண்டிருந்தார். "ஒரு மெயிலுக்கு ஒரு ஆளு, ஒரு ஆளுக்கு ஒரு மெயிலு. கனவு, விடுமுறை ரெண்டு வார்த்தையும் எழுத எனக்குத் தடை."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சமயத்தில் அவருடைய ஃபோன் அடித்தது. எழுந்து போய்ப் பேசினார். சென்னையில் ஒரு பெரிய சுற்றுலா நிறுவனம். பொங்கல் விடுமுறைக்கு மேல் மாடி முழுவதும் வேண்டுமாம்.

"ரூம் இல்லைங்களே," என்றார் ஜாஃபர் சாதிக். அந்த இரண்டு சொற்களையும் ருசித்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மறுமுனையில் அந்த ஆள் விடவில்லை. அந்தப் பக்கமே ஈயடிக்கும்போது உங்களுக்கு மட்டும் எப்படி நிறைகிறது, உங்களிடம் வாடிக்கையாளர் முகவரி எத்தனை இருக்கிறது, கொஞ்சம் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று கேட்டான்.

ஜாஃபர் சாதிக் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு தங்கையைப் பார்த்தார். அவருடைய முகம் முழுக்கச் சிரிப்பு.

"முகவரியா? எங்ககிட்ட ஒண்ணுகூட இல்லைங்க," என்று கையை எடுத்துவிட்டு ஃபோனில் சொன்னார். "எங்க முகவரிதான் அவங்ககிட்ட இருக்கு."